உசிலம்பட்டிக்கு மேல் பத்தாயிரம் அடி

பதினொன்று பதினேழு.

சீட்டில் அப்படித்தான் இருந்தது. என் கையெழுத்து, நீல மை. விமானத்தின் எண், உயரம், அவற்றின் கீழே இறங்க அனுமதி கொடுத்த நேரம்.

நான் அனுமதி கொடுத்தது பதினொன்று இருபத்திரண்டுக்கு. அது எனக்குத் தெரியும். இன்னொருவருக்கும் தெரியும். அவர் சொல்லவில்லை.

1982. மதுரைக்கு மேற்கே கரட்டுப்பட்டி விமான நிலையத்தில் ஓடுபாதை ஒன்று, கோபுரம் ஒன்று. காலை முறைக்குக் கோபுரத்தில் நான் ஒருவன். பெயர் சுருளிவேல். ஊர் தேவாரம். வேலை தற்காலிகம். நிரந்தர உத்தரவு வர நாற்பது நாள் இருந்தது. இரண்டு வருடமாக எங்கள் சோளத்தை யானைகள் தின்றுகொண்டிருந்தன. வீட்டில் சம்பளம் வாங்கியவன் நான்தான்.

கொச்சியிலிருந்து தினம் ஒரு விமானம் வரும். நாற்பத்து நான்கு இருக்கை, இரண்டு இஞ்சின். ஏலமலையைக் கடந்து போடிக்கு மேலாக வரும். போடி தாண்டும் வரை பத்தாயிரம் அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. மலை இருக்கிறது. தாண்டிய பிறகு நான் சொன்னால் இறங்கலாம். எங்களிடம் ராடார் இல்லை. எங்கே இருக்கிறேன் என்று விமானி சொல்வார். நான் சீட்டில் எழுதுவேன். என்னிடம் இருந்த கண் அதுதான்.

வாரத்தில் நான்கு நாள் கேப்டன் ஜெபமணி வருவார். போடிக்காரர். ஏலக்காய் வியாபாரக் குடும்பம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கேட்டார்.

"எந்த ஊருய்யா நீ?"

"தேவாரம்ண்ணே."

"அதான பாத்தேன். இங்கிலீசுலயும் தேவாரம் கேக்குது."

அதன் பிறகு என் பெயர் தேவாரம். விதிப்படி மைலும் திசையும் ஆங்கிலத்தில் சொல்வார். சொல்லி முடித்ததும் தமிழில் ஓர் ஊரைச் சொல்வார். போடியிலிருந்து மதுரை போகும் பஸ் நிற்கிற ஊர்.

"தேனி தாண்டியாச்சு. கண்டக்டரு இன்னும் டிக்கெட்டு போடல."

"ஆண்டிபட்டி. எறங்குறவங்க எறங்கலாம்."

விதியில் இதற்கு இடமில்லை. எனக்கு இது வசதியாக இருந்தது. மைல் சொன்னால் நான் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். ஆண்டிபட்டி என்றால் பார்க்க வேண்டாம்.

அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. விமானம் அரை மணி நேரம் நிற்கும். அவர் இறங்க மாட்டார். நான் கோபுரத்தை விட்டு வர முடியாது. கண்ணாடி வழியாக ஒரு வெள்ளைச் சட்டை தெரியும். எனக்கு அவர் ஒரு குரல்தான்.

அந்தக் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. போன ஐப்பசியில் மழைக்குள் வந்துகொண்டிருந்தார். இஞ்சின் ஒன்று நின்றுவிட்டது. "தேவாரம், ஒரு பக்கம் சோலிக்கு வரல. ஒத்தையில வர்றேன். ஓடுபாதையில ஆடு நிக்குதான்னு பாரு" என்றார். நின்றது. மூன்று ஆடு. விரட்டினோம். வந்து இறங்கினார். இறங்கியதும், "ஆடு யாருது?" என்று கேட்டார். வேறு எதையும் கேட்கவில்லை.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

அன்று விமானத்தில் டில்லி அதிகாரி ஒருவர் இருந்தார். கரட்டுப்பட்டியிலிருந்து அரை மணி தூரத்தில் ஓர் ஆலைக்கு அடிக்கல் நாட்ட வந்தார். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்குகிறது. அதற்கு முன் கல் விழ வேண்டும். விமானம் இறங்க வேண்டிய நேரம் பதினொன்று இருபத்தைந்து. என் மேலதிகாரி காசிராஜன் காலை எட்டு மணியிலிருந்து கோபுரத்தில் நின்றார்.

நில அளவைக்காக வந்திருந்த சின்ன விமானம் ஒன்று அன்று எங்களிடமிருந்து கிளம்பித் தேனிப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. அது விலகும் வரை ஜெபமணியை மேலேயே நிறுத்தினேன். அது சரியான காரியம். பதினொன்று பதின்மூன்றுக்கு அவர் போடி என்றார். பதினாறுக்குச் சின்ன விமானம் விலகிவிட்டதாகச் சொன்னது. பதினேழுக்கு ஜெபமணி ஆண்டிபட்டி என்றார்.

இனி இறங்கச் சொல்லலாம். சீட்டில் நேரத்தை எழுதினேன். சொல்லிவிட்டு எழுத வேண்டும் என்பது விதி. எழுதிவிட்டுச் சொல்வது என் பழக்கம். மைக்கை எடுக்கும் முன், அதிகாரியின் கார் விமானம் வரைக்கும் வரலாமா என்று வாசல் காவலரிடம் கேட்கும்படி காசிராஜன் சொன்னார். போனை எடுத்தேன். ரேடியோவில் ஜெபமணி, "எறங்கட்டுமா?" என்றார். "இருங்கண்ணே" என்றேன். காவலர் வரலாம் என்றார். போனை வைத்தேன். அப்போது டீ வந்தது.

பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். போடி பஸ் ஆண்டிபட்டியில் பத்து நிமிடம் நிற்கும். டிரைவர் இறங்கி டீ குடிப்பார். கண்டக்டர் குடிப்பார். நாங்களும் குடிப்போம். மதுரையில் கல்லூரியில் படித்த மூன்று வருடமும், அதன் பிறகு வேலைக்கு வந்தும், ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் குடித்திருக்கிறேன். ஆண்டிபட்டி என்றால் இன்னும் கணவாய் இருக்கிறது, உசிலம்பட்டி இருக்கிறது, செக்கானூரணி இருக்கிறது. ஆண்டிபட்டி என்றால் அவசரமில்லை.

நான் டீயைக் குடித்தேன்.

"உசிலம்பட்டி தாண்டுது, தேவாரம்."

குரலில் ஒன்றும் இல்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபத்திரண்டு. அவர் இன்னும் பத்தாயிரம் அடியில் இருந்தார். மிச்சம் பன்னிரண்டு மைல். அந்த விமானத்துக்கு அது மூன்று நிமிடம்.

தம்ளரை வைத்துவிட்டு மைக்கை எடுத்தேன். இரண்டாயிரம் அடிக்கு இறங்கி நேராக ஓடுபாதைக்கு வரும்படி சொன்னேன். விரைவாக என்றும் சொன்னேன்.

"முடியாது" என்றார்.

செங்குத்தாக இறங்கினால் வேகம் கூடும். அந்த வேகத்தோடு எங்கள் ஓடுபாதையில் இறங்கினால் ஓடுபாதை போதாது. வேகத்தைக் குறைத்தால் அவ்வளவு சீக்கிரம் உயரம் குறையாது. இரண்டில் ஒன்றைத்தான் கேட்கலாம். நான் இரண்டையும் கேட்டிருந்தேன்.

காசிராஜன் அதுவரை ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினார். "என்னய்யா, முடியாதுங்குறான்? எறங்கச் சொல்லு. மணி என்ன ஆகுது பாரு."

"கேப்டன், உடனே இறங்க வேண்டும் என்று உத்தரவு" என்றேன்.

"உத்தரவு சரி. வண்டி கேக்காது. ஒரு சுத்து சுத்தி வர்றேன். எடம் குடு."

காசிராஜன் மைக்கை வாங்கிக்கொண்டார். "கேப்டன், உள்ள யாரு இருக்காருன்னு தெரியுமா?"

"தெரியும் சார். நாப்பத்தொரு பேரு இருக்காங்க."

கண்மாய்க்கு மேல் ஒரு பெரிய சுற்றுச் சுற்றினார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெயிலில் அது மெதுவாக வட்டமிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் தாழ்ந்தது. பதினொன்று முப்பத்து நான்குக்கு இறங்கியது. சக்கரம் தரையைத் தொட்ட இடம் எனக்குத் தெரியவில்லை. புகைகூட எழவில்லை.

கல் அன்று விழவில்லை.

மறுநாள் டில்லியிலிருந்து தந்தி வந்தது. விமானி வேண்டுமென்றே உத்தரவை மீறினார் என்று அதில் இருந்தது. விசாரணை முடியும் வரை ஜெபமணி ஓட்டக் கூடாது. விசாரணை அடுத்த வாரத் திங்கட்கிழமை, கரட்டுப்பட்டியில்.

அவர் எழுதிக் கொடுத்த விளக்கத்தைக் காசிராஜன் காட்டினார். இரண்டு வரி. 'நேராக இறங்கச் சொன்னார்கள். முடியாததால் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினேன்.' அனுமதி கிடைத்த நேரம் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார். துணை விமானி புதியவர். கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நேரம் குறிக்கவில்லை என்று எழுதியிருந்தார். பேச்சைப் பதிவு செய்யும் இயந்திரம் மூன்று மாதமாக ஓடவில்லை.

மிச்சம் இருந்தது என் சீட்டு. பதினொன்று பதினேழு. பதினேழுக்கு அனுமதி என்றால் எட்டு நிமிடம். எட்டு நிமிடத்தில் யாரும் இறங்கலாம்.

"தெளிவா எழுதிருக்க. நீ பயப்படாத. திங்கக்கிழமை சீட்டே பேசும்" என்றார் காசிராஜன். அவருக்குத் தெரியாது. அவர் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டை மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

நான் சீட்டில் எதையும் திருத்தவில்லை. திருத்தாமல் இருந்தேன்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போடிக்குக் கிளம்பினேன். உசிலம்பட்டியிலிருந்து ஆண்டிபட்டிக்கு நாற்பது நிமிடம் ஆனது. கணவாயில் ஒரு லாரி பஞ்சு ஏற்றிக்கொண்டு திணறியது. பின்னாலேயே ஊர்ந்தோம். அவர் இதை ஐந்து நிமிடத்தில் கடந்திருந்தார். ஆண்டிபட்டியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நான் உட்கார்ந்திருந்தேன்.

"டீ குடிக்கலையா தம்பி?" என்றார் கண்டக்டர்.

"வேணாம்ண்ணே."

போடியில் அவர்கள் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தெரு முழுக்க ஏலக்காய் வாசம். உள்ளே நான்கு பெண்கள் சல்லடையில் காயைச் சலித்துக்கொண்டிருந்தார்கள். தராசுக்குப் பக்கத்தில் ஜெபமணியின் அக்கா ஞானசெல்வி உட்கார்ந்திருந்தார். கரட்டுப்பட்டி என்றதும் நிமிர்ந்தார்.

"கோபுரத்து ஆளா? தேவாரம் நீதானா?"

"ஆமாக்கா."

"எறங்க மாட்டேன்னுட்டானாம். ஊரே பேசுது." அவர் சலிப்பவர்களைப் பார்த்தார். "எட்டு வயசுல தென்னை மரத்துல ஏறிட்டு எறங்க மாட்டேன்னான். எங்கப்பா கீழ நின்னு கத்துறாரு. வெறகுக் கட்டைய எடுத்துட்டாரு. மட்டையில எறும்பு இருக்கு, அது போகட்டும்ங்கறான். அது போனப்புறம்தான் எறங்குனான்."

பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"ஓட்டுற லைசென்ச வாங்கிருவாங்களாமே. அவன் வாயத் தெறக்க மாட்டேங்கறான். ஒனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"அண்ணன் எங்க இருக்காருக்கா?"

தெருப் பக்கம் கையைக் காட்டினார். "போடிமெட்டுல. காய் காயப்போடுற ஸ்டோருல. கோட்டைச்சாமி ஜீப்பு இப்பக் கெளம்பும். ஓடு."

ஜீப்பில் பதினோரு பேர் இருந்தோம். எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்கள் பின்னால். நான் முன்னால், டிரைவர் கோட்டைச்சாமிக்கும் இன்னொருவருக்கும் நடுவில். கியர் மாற்றும்போதெல்லாம் முழங்காலை ஒதுக்க வேண்டியிருந்தது. முந்தல் தாண்டியதும் ஏற்றம். வளைவுக்கு மேல் வளைவு. காது அடைத்தது.

பாதி மலையில் சத்தம் கேட்டது. கோட்டைச்சாமி வெளியே தலையை நீட்டினார். விமானம் எங்களுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கே போனது. கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பதின்மூன்று.

"இது நம்மாளு இல்ல" என்றார் கோட்டைச்சாமி.

"ஆமா, நீ ஏறிப் பாத்த" என்றார் பின்னாலிருந்து கருப்பம்மாள். ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவர்.

"ஏறணுமாக்கும்? நம்மாளு வந்தா சத்தம் ஒரே சீரா இருக்கும். இவன் வண்டியப் போட்டு வெரட்டுறான்."

"ஒன் ஜீப்புச் சத்தத்துல மேல போற சத்தம் கேட்டுச்சாக்கும். முன்னப் பாத்து ஓட்டு மாமா. எம்புள்ளைக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

போடிமெட்டில் குளிர் இருந்தது. ஸ்டோர் வாசலில் லுங்கியும் மப்ளருமாக ஒருவர் சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். காதோரம் நரை. கை நிதானமாக ஊசியை இழுத்தது.

"கேப்டன் ஜெபமணியப் பாக்கணும்."

அவர் நிமிரவில்லை. "தேவாரம்" என்றார். பிறகு நிமிர்ந்தார். "கொரல வச்சு நீ குட்டையா இருப்பேன்னு நெனச்சேன்."

அந்தக் குரல் ஒரு முகத்திலிருந்து வந்தது பழக்கமில்லாமல் இருந்தது.

"சாப்புட்டியா?"

"பசியில்லண்ணே."

"பசிக்குதான்னு கேக்கல. சாப்புட்டியான்னு கேட்டேன்."

சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். அவர் எதிரே உட்கார்ந்து சாக்கைத் தைத்து முடித்தார். நான் பேசத் தொடங்கியபோது, "ஒன்றரைக்கு ஜீப்பு. நானும் காய் கொண்டு போறேன். எறங்குறப்ப பேசுவோம்" என்றார்.

இறங்கும் ஜீப்பில் சாக்கு இரண்டும் எட்டுப் பேரும். முனியசாமி என்ற தரகர் ஒருவர் மாதிரிக் காயை ஒரு துணிப்பையில் வைத்து நெஞ்சோடு பிடித்திருந்தார். மூன்று மணிக்குப் போடியில் ஏலம். அதைப் போடிமெட்டிலேயே மூன்று முறை சொல்லிவிட்டார்.

கோட்டைச்சாமி இரண்டாவது கியரில் போட்டார். இஞ்சின் அலறியது. வண்டி நடந்தது. ஒவ்வொரு வளைவிலும் என் பக்கத்தில் ஜெபமணியின் வலது கால் தரையை அழுத்தியது. கோட்டைச்சாமி அதைப் பார்த்துவிட்டார்.

"கேப்டன்ணே, அங்க பிரேக்கு கெடையாது. வெறும் தகரம்."

"தெரியுதுப்பா. கால் கேக்க மாட்டேங்குது."

"பத்தாயிரம் அடியில பறக்குற ஆளு, நம்ம ஜீப்புல பயப்படுறாரு."

"அங்க நான் ஓட்டுறேன். இங்க நீயில்ல ஓட்டுற."

ஜீப் முழுக்கச் சிரித்தது. பாதிக்கு மேல் இறங்கியிருப்போம். ஒரு வளைவில் கருகல் வாசம் வந்தது. லேசாகத்தான். கோட்டைச்சாமி வண்டியை மலையோரமாக ஒதுக்கினார். இறங்கி முன் சக்கரத்துக்குக் கீழே கல் வைத்தார்.

"என்னப்பா?" என்றார் முனியசாமி.

"பிரேக்கு சூடாயிருச்சு. ஆறட்டும்."

"மணி ரெண்டு இருவது. மூணுக்கு ஏலம். தண்ணிய ஊத்திட்டு எடு."

"தண்ணி ஊத்துனா டிரம்மு வெடிச்சுரும்."

"மெதுவா உருட்டிக்கிட்டுப் போயிரலாம்ல? இன்னும் ஆறு வளைவுதான?"

"முடியாது."

"நான் சொல்றேன், எடுப்பா."

"நீ சொல்லுவ. ஏலத்துல கூவுற மாதிரி வெரலத் தூக்குவ. எறங்கு, எறங்கி அந்தக் கல்லுல உக்காரு."

மற்றவர்கள் ஏற்கெனவே இறங்கியிருந்தார்கள். முதலில் இறங்கியவர் ஜெபமணி. ஒருவர் பீடி பற்ற வைத்தார். ஒரு கிழவி பாறையோரம் சாய்ந்து கண்ணை மூடினார். யாரும் கோட்டைச்சாமியை எதுவும் கேட்கவில்லை. முனியசாமியும் கல்லில் உட்கார்ந்தார்.

ஜெபமணி கைப்பிடிச் சுவர் வரை போனார். நானும் போனேன். கீழே போடி தெரிந்தது. அதற்கு அப்பால் தேனிப் பக்கத்துத் தோப்புகள், ஆண்டிபட்டி மலை, வெள்ளையாக வெயில். காலுக்கு நேர் கீழே ஒரு வீட்டின் ஓடு. ஆடு மேய்ப்பவர் ஒருவர் எறும்பளவு. நான் இந்த மலையடியில் பிறந்தவன். பத்தாயிரம் அடி என்று இரண்டு வருடமாகச் சீட்டில் எழுதியவன்.

"இது எவ்வளவு ஒசரம்ண்ணே?"

"மூவாயிரம் இருக்கும்."

நான் மறுபடி கீழே பார்த்தேன். பிறகு சொன்னேன். "சீட்டுல பதினேழுன்னு இருக்குண்ணே."

"ம்."

"நான் சொன்னது இருபத்திரண்டுக்கு."

"தெரியும். எங்கிட்டயும் கடிகாரம் இருக்குல்ல."

"ஏன் எழுதல?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்து உரித்தார். தோலைச் சுவருக்கு அப்பால் போட்டார். அது விழுவதைப் பார்த்தார்.

"ஒனக்காகன்னு நெனச்சுட்டியா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன். அதற்கு நன்றி சொல்ல வார்த்தைகளைக்கூட பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன்.

"ஒன்னைய நெனைக்கவே இல்ல. கோவிச்சுக்காத." விதையை வாயில் போட்டார். "நேரத்த எழுதுனா என்ன ஆகும்? பாவம், லேட்டாச் சொல்லிருக்கான், அதான் இவன் முடியாதுன்னான்னு விட்ருவாங்க. நல்லதுதான். அடுத்த வருசம் ஒருத்தன் வருவான். புதுசு. எறங்குன்னு சொல்லுவாங்க. முடியாதுன்னு அவனுக்குத் தெரியும். கையில தெரியும், உக்காந்திருக்குற எடத்துல தெரியும். எழுதிக் காட்ட ஒண்ணும் இருக்காது. அவன் காரணத்தத் தேடிக்கிட்டே எறங்குவான்."

கையில் ஒட்டிய தோலையும் சுவருக்கு அப்பால் தட்டிவிட்டார்.

"நான் முடியாதுன்னேன். அது போதும்னு அவங்க எழுதணும். கேப்டன் சொன்னான், போதும். அதான் எனக்கு வேணும்."

"எழுதலைன்னா?"

"அக்கா சலிக்கச் சொல்லுவா."

சொல்லிவிட்டு மேலே பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை. இருந்தும் கொஞ்ச நேரம் பார்த்தார். இருபது வருடமாக அங்கே இருந்தவர். சாக்குத் தைத்த விரல்கள் சுவரின் மேல் அசையாமல் இருந்தன. குரலில் எதுவும் தெரியவில்லை. அன்று உசிலம்பட்டி என்று சொன்ன அதே குரல்.

நான் திரும்பி ஜீப்பைப் பார்த்தேன். முனியசாமி கடிகாரத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. அவரும் அந்த ஜீப்பில்தான் கீழே போக வேண்டும். புதன்கிழமை ஜெபமணியை இறங்கச் சொன்ன இருவரும் தரையில் இருந்தோம். என் கையில் டீ இருந்தது.

அவர் சொன்னது சரி. அவர் சொல் போதும். ஆனால் திங்கட்கிழமை அந்தச் சொல்லுக்கு எதிரே மேசையில் என் சீட்டு இருக்கும். அது பொய்.

கோட்டைச்சாமி சக்கரத்தின் மேல் எச்சில் தொட்டு வைத்தார். சத்தமில்லை. கல்லை எடுத்தார். "ஏறுங்க."

போடிக்கு வந்தபோது மூன்று பத்து. முனியசாமி வண்டி நிற்கும் முன்பே குதித்தார். பையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். "மெதுவாண்ணே, விழுந்துறாத" என்று கோட்டைச்சாமி பின்னாலிருந்து கத்தினார்.

"நாலு மணிக்கு ஒனக்குப் பஸ்சு" என்றார் ஜெபமணி. "வெரசா போ. ஜன்னலோரம் கெடைக்கும்."

"ஒரு போன் பண்ணணும்ண்ணே. தபாலாபீசுல."

அவர் என்னைப் பார்த்தார். "எனக்காகன்னா வேணாம்."

"ஒங்களுக்காக இல்ல. ஒங்கள நெனைக்கவே இல்ல. கோவிச்சுக்காதீங்க."

அவர் வாய் கொஞ்சம் கோணியது. சிரிப்பாக இருக்கலாம். சாக்கை இறக்கப் போனார்.

தபாலாபீசில் கரட்டுப்பட்டிக்கு டிரங்க் கால் பதிவு செய்தேன். உட்காரச் சொன்னார்கள். நாலு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கடையில், ஜெபமணியும் கோட்டைச்சாமியும் டீ குடித்தார்கள். கோட்டைச்சாமி கையை நீட்டி வளைத்து எதையோ விளக்கினார். விமானமாக இருக்கலாம், ஜீப்பாகவும் இருக்கலாம். ஜெபமணி தலையாட்டிக் கேட்டார்.

நாலேகாலுக்கு மணி அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன்.

"சார், சுருளிவேல்."

"எங்கய்யா இருக்க?" காசிராஜனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"போடியில சார்."

"போடியிலயா? அந்தாளப் பாக்கவா போன? ஒனக்கு அறிவிருக்கா? விசாரணைக்கு ரெண்டு நாளு இருக்கு. யாராவது பாத்தா என்ன ஆகும்? ஒன் ஆர்டரு டில்லியில கையெழுத்துக்குப் போயிருக்கு, தெரியுமா? நானே பேசிருக்கேன். நல்ல பையன், தேவாரத்துக்காரன், சீட்டு எழுதுனா அச்சு மாதிரி இருக்கும்னு சொல்லிருக்கேன். நீ அங்க போய் உக்காந்திருக்க. மொதல்ல பஸ்சப் புடி. திங்கக்கிழமை நீ வாயே தெறக்க வேணாம். சீட்ட எடுத்து வைக்கப் போறேன். அம்புட்டுத்தான். கேக்குதா?"

"கேக்குது சார்."

"அப்புறம் என்ன?"

"சார்..."

கம்பியில் ஒரு சொடுக்கு. ஒரு பெண் குரல் குறுக்கே வந்தது. "மூணு நிமிசம் ஆச்சு. நீட்டிக்கவா சார்?"

"நீட்டுங்க" என்றேன்.

மறுபடி சொடுக்கு.

"சார், சீட்டுல இருக்கறது தப்பு. பதினேழுக்கு எழுதுனேன். எழுதிட்டுச் சொல்லல. நான் எறங்கச் சொன்னது பதினொன்னு இருபத்திரண்டுக்கு. அப்ப அவரு உசிலம்பட்டியத் தாண்டிட்டாரு. திங்கக்கிழமை இதத்தான் சொல்லப் போறேன்."

கம்பி இரைந்தது. யாரோ எங்கோ வேறு கம்பியில் மிளகு விலை பேசினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஜெபமணி தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, லுங்கியை இறக்கிவிட்டு, கடையை நோக்கி நடந்தார்.

காசிராஜன் பேசியபோது கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போல் இருந்தது.

"அப்ப அந்த அஞ்சு நிமிசம் நீ என்னய்யா பண்ணிக்கிட்டிருந்த?"